குழூஉக்குறியும் குற்றக்குலமும்: தக்குகளின் சொற்றொகுதியும் அதன் வழிவந்த இலக்கியமும்

1. முன்னுரை

இந்தியக் குற்ற வரலாற்றிலிருந்து உலக மொழிகளுள் புகுந்த சொற்களில் முதன்மையானது ‘தக்’ என்பதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடு இந்திய, வட இந்திய, தக்காண நெடுவழிகளில் பயணிகளோடு நட்புக் கொண்டு, பல நாள் உடன் நடந்து, வாய்ப்பான இடத்தில் துணியால் கழுத்தை இறுக்கிக் கொன்று, பொருளைக் கவர்ந்து, உடலைப் புதைத்துச் சென்ற கூட்டத்தாரைக் குறிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் இச்சொல்லை ஆண்டனர். அக்கூட்டத்தாரை ஒடுக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஹென்றி ஸ்லீமன் 1836ஆம் ஆண்டு கல்கத்தாவில் ‘ராமசீயானா’ என்னும் நூலை வெளியிட்டார். தக்குகள் வழங்கிய தனிமொழியின் சொற்றொகுதி என்பது அந்நூல் தனக்குத் தந்துகொண்ட விளக்கம். குற்றம் ஒன்று அகராதி வழியாக உலக இலக்கியத்துள் நுழைந்தமை அரிய நிகழ்ச்சியாகும்.

தக்குகளைப் பற்றி வரலாற்றறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். எனினும், அகராதிக்கும் புதினத்துக்கும் சமூகக் கற்பனைக்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் மொழியியல் நோக்கில் தனியே கவனிக்கத் தக்கது. ஒரு தொழிற்கூட்டத்தின் குழூஉக்குறி தனிமொழியாகக் கொள்ளப்பட்டது. தனிமொழி பேசுவோர் தனிக்குலமாகக் கொள்ளப்பட்டனர். அக்குலத்தைப் பற்றி எழுந்த கதைகளோ பிறப்புவழிக் குற்றம் என்னும் கருத்தைத் தம் கதைப்பின்னலிலேயே மறுத்தன. ஆயினும் சமூகக் கற்பனை கதையின் மறுப்பை விடுத்து அகராதியின் குறிப்பையே பற்றிக்கொண்டது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லின் பழைய பொருள்

‘தக்’ என்பதனை மறைத்தல், வஞ்சித்தல் என்னும் பொருளுடைய வடமொழி ‘ஸ்தக’ என்பதோடு தொடர்புபடுத்துவர். இந்தியில் அதன் இயல்பான பொருள் ‘ஏமாற்றுபவன்’ என்பதே. பதினான்காம் நூற்றாண்டில் பரணீ எழுதிய பாரசீக வரலாற்று நூலில், ஜலாலுத்தீன் கில்ஜி காலத்தில் பிடிபட்ட தக்குகள் படகில் ஏற்றி வங்காளப் பகுதிக்கு அனுப்பப்பட்ட செய்தி காணப்படுகிறது. கபீர் மரபுப் பாடல்களில் மாயை ஒரு ‘தகினி’ ஆகிறாள். இவ்விடங்களில் சொல் குறிப்பது செயலையும் குணத்தையுமே, குலத்தை அன்று. இன்றும் இந்தி பேசுவோர் அளவில் குறைத்து விற்கும் கடைக்காரரை இச்சொல்லால் ஏசுவதுண்டு.

தென்னாட்டில் வழங்கிய பெயர்களும் இங்கு நோக்கத்தக்கன. சென்னைக் கோட்டையில் மருத்துவராகப் பணியாற்றிய ரிச்சர்டு ஷெர்வுட், ‘பான்சிகர்’ எனப்பட்ட கொலைஞர் குறித்து 1816இல் சென்னையில் வெளியிட்ட கட்டுரை ஸ்லீமனின் நூலுக்கு இருபது ஆண்டு முந்தியது. ‘பான்சி’ என்பது இந்துஸ்தானியில் சுருக்குக் கயிறு. அவர் தரும் கன்னடப் பெயர் ‘தந்திக் கள்ளரு’. தெலுங்குப் பெயர் ‘உர்லு வாண்ட்லு’, அதாவது சுருக்குக்காரர். இவை இரண்டும் கருவியைக் கொண்டு ஆளைச் சுட்டும் பெயர்கள். ஆனால் அவர் தமிழ்ப்பெயராகக் குறித்துள்ள ‘அரித் துலுக்கர்’ என்பதிலோ சமயச் சார்புடைய மக்கட்பெயர் ஒட்டிக்கொண்டுள்ளது. செயலிலிருந்து மக்கட் பிரிவுக்குச் சொல் வழுவிச் செல்லும் போக்கை ஆங்கிலேயர் மட்டுமே தொடங்கிவைத்தனர் என்று கூறுவதற்கில்லை. வழக்கு மொழியிலேயே அதற்கான வித்து இருந்தது. ஆங்கில ஆட்சி செய்தது அவ்வித்தைச் சட்டமாக வளர்த்ததாகும்.

3. அகராதியும் அப்ரூவரும்

‘ராமசீயானா’ சொற்பட்டியல் மட்டுமன்று. பிடிபட்டு, உயிருக்கு உறுதி பெற்று, தம் தோழரைக் காட்டிக்கொடுக்க இசைந்த அப்ரூவர்களோடு ஸ்லீமன் நிகழ்த்திய உரையாடல்களும் அதில் உள்ளன. சொற்கள் கிடைத்த களம் இதுவே. கள ஆய்வில் தகவலாளி யார், அவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவு யாது என்பது முதல் வினா. இங்குத் தகவலாளியின் கழுத்துத் தூக்குக் கயிற்றிலிருந்து தப்புவது அவர் தரும் தகவலைப் பொறுத்தது. எவ்வளவு விரிவாகவும் ஒழுங்காகவும் கூட்டத்தின் உலகை அவர் விவரிக்கிறாரோ, அவ்வளவுக்கு அவர் பயனுள்ளவராகிறார். இதனால் அவர் கூறியன அனைத்தும் பொய் என்றாகாது. ஆயின் அவை கேள்வியின் அச்சில் வார்க்கப்பட்ட விடைகள் என்பது மறக்கத்தக்கதன்று.

தொகுதியிலுள்ள சொற்கள் தொழிலின் படிகளைத் துல்லியமாகக் காட்டுகின்றன. பயணியைப் பேச்சால் வசப்படுத்துபவன் ‘ஸோத்தா’. கழுத்தை இறுக்குபவன் ‘பர்த்தோத்’. குழி தோண்டுபவன் ‘லுகா’. கொலைக்குத் தேர்ந்த இடம் ‘பேலே’. கொல்லுமாறு தரும் சைகை ‘ஜிர்ணி’. கொலைக்குப்பின் வெல்லம் பகிர்ந்துண்ணும் சடங்கு ‘துபோனி’. இவற்றுள் மிகவும் கொடியது ‘பனிஜ்’ என்பது. வாணிகச் சரக்கு என்று பொருள்படும் இச்சொல், தமிழ் ‘வாணிகம்’ என்பதன் உறவுச்சொல். தக்குகளின் வழக்கில் அது கொல்லப்படவிருக்கும் பயணியைக் குறித்தது. மனிதன் சரக்கானபின் கொலை வணிகமாகிவிடுகிறது. வணிகத்தில் மனச்சான்றுக்கு இடமில்லை.

கொலைகள் நிகழ்ந்தன என்பதில் ஐயமில்லை. விடுப்பில் பணத்துடன் ஊர் திரும்பும் சிப்பாய்களை எச்சரித்துக் கம்பெனிப் படைத்தலைமை 1810இலேயே ஆணை பிறப்பித்தது. அப்ரூவர்கள் காட்டிய இடங்களில் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. ஸ்டூவர்ட் கார்டன் 1969இல் எழுதிய கட்டுரை இக்கூட்டங்களை மாளவப் பகுதியின் சிற்றரசியலோடு இணைத்துக் காண்கிறது. கிம் வாக்னர் 2007இல் வெளியிட்ட நூல், இது சமய வழிபாட்டுக் குழு அன்று, ஊர்த் தலைவர்களின் ஆதரவில் நிகழ்ந்த வழிப்பறி வகை என்று காட்டுகிறது. எல்லாம் ஆங்கிலேயரின் புனைவு என்பதும், ஸ்லீமனின் பேரர் 1933இல் தம் நூலின் தலைப்பிலேயே பத்து லட்சம் கொலைகள் எனப் பறைசாற்றியதும் ஒருசேர ஒதுக்கத்தக்க இரு முனைகளாகும்.

4. மொழியா, குறியா?

ஸ்லீமன் இதனைத் தனிமொழி என்றார். தொகுதியைக் கூர்ந்து நோக்கின் வேறு முடிவு பெறப்படுகிறது. சிறப்புச் சொற்கள் பெரும்பாலும் பெயர்களும் சில வினையடிகளுமே. வாக்கியத்தைக் கட்டும் உறுப்புகள் இந்துஸ்தானிக்கு உரியன. ‘ஜிர்ணி தேனா’ என்பதில் ‘தேனா’ எவரும் அறிந்த ‘கொடு’ என்னும் வினை. இலக்கணம் ஊராருடையது, சொல் சில மட்டும் கூட்டத்தாருடையன. தரகர், பொற்கொல்லர், மாட்டு வணிகர் ஆகியோரிடையேயும் இத்தகைய வழக்கு உண்டு.

தமிழ் இலக்கண மரபு இதற்குத் தெளிவான இடம் தந்துள்ளது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறிக்கு மரபாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். பொற்கொல்லரின் குறி வாடிக்கையாளருக்கு மறைக்கும் நோக்குடையது என்பதை உரைகாரரும் மாணாக்கரும் அறிவர். எனினும் அதை எவரும் தனிமொழி எனக் கொள்ளவில்லை. ஒரு குழுவினர் தொழிற்பொருட்டுக் கொண்ட ஏற்பாடு என்றே கொண்டனர். தொழிலை விட்டால் குறியும் விடுபடும். தொழிலில் சேர்ந்தவன் குறியையும் கற்பான்.

ஐரோப்பியப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையிலோ மொழியும் இனமும் ஒன்றையொன்று சுட்டும் இணைகளாகக் கருதப்பட்டன. அச்சிந்தனையில் தனிமொழி என்றால் தனிமக்கள். தனிமக்கள் என்றால் பிறப்பால் தொடரும் மரபு. குழூஉக்குறியை மொழி என்று பெயரிட்ட அந்த ஒரு வழுவே தொழிற்கூட்டத்தைக் குலமாக்கப் போதுமானதாயிற்று. ஸ்லீமனின் உரையாடல்களிலேயே இதற்கு எதிரான சான்றுகள் உள்ளன. கூட்டத்தில் பார்ப்பனரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர், கொல்லப்பட்டவரின் குழந்தைகள் வளர்க்கப்பட்டுக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டனர். இவை குலத்தின் இயல்புகள் அல்ல, ஆள்சேர்ப்பின் இயல்புகள்.

5. கதைகள் கூறும் மறுப்பு

ஹைதராபாத் நிசாமின் அரசில் பணியாற்றிய ஃபிலிப் மெடோஸ் டெய்லர், 1839இல் லண்டனில் ‘ஒரு தக்கின் ஒப்புதல் வாக்குமூலம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் மூன்று தொகுதிகளில் புதினம் ஒன்றை வெளியிட்டார். அமீர் அலி என்னும் அப்ரூவர், ஆங்கில அலுவலரான ‘சாகிப்’ ஒருவரிடம் தன் வாழ்க்கையைத் தானே கூறுவதாக அது அமைந்துள்ளது. நீதிமன்ற வாக்குமூலம் அப்படியே புதின வடிவமாயிற்று. ஸ்லீமனின் தொகுதியில் உள்ள தொழிற்சொற்கள் கதை நெடுகப் பயில்கின்றன. அன்றைய ஆங்கில வாசகர் அச்சொற்களால் ஒரு மூடிய உலகத்தின் சாவியைப் பெற்றதாக உணர்ந்திருப்பர். புகையிலை கொண்டுவருமாறு கூறும் எளிய தொடரே கொலைக்கான சைகையாகும் இடங்கள் அப்புதினத்தின் வலிமையான பகுதிகள். பயணி கேட்ட இறுதிச் சொல் அவனுக்குத் தெரியாத மொழியிலிருந்து வந்ததன்று. நாள்தோறும் பேசிய சொல்லே அவனைக் கொன்றது. இது குழூஉக்குறியின் இயல்பை அகராதியைவிட நுட்பமாக உணர்த்துகிறது.

கதைப்பின்னலோ இன்னும் சிறப்பாகக் கருதத்தக்கது. அமீர் அலி பிறப்பால் தக்கு அல்லன். அவனுடைய பெற்றோரைத் தக்குகள் கொல்கின்றனர். கொன்றவருள் ஒருவனான இஸ்மாயில் குழந்தையை எடுத்து வளர்க்கிறான். வளர்ந்த அமீர் அலி, யாரென அறியாமல் தன் உடன்பிறந்தாளையே கொல்கிறான். குற்றம் குருதியில் வரவில்லை, வளர்ப்பில் வந்தது. அதுவே குருதி உறவை அழிக்கிறது என்பதே இப்புதினத்தின் உள்ளுறை.

இவ்வகைக் கதைப்பின்னல் இதனோடு நின்றுவிடவில்லை. ஜான் மாஸ்டர்ஸ் 1952இல் எழுதிய ‘தி டிசீவர்ஸ்’ புதினத்தில், தக்குகளை வேவு பார்க்க மாறுவேடம் பூண்ட ஆங்கில அலுவலனே படிப்படியாக அத்தொழிலின் ஈர்ப்புக்கு ஆட்படுகிறான். மகாசுவேதா தேவியின் வங்காளக் கதையைத் தழுவி 1968இல் வெளிவந்த ‘சங்கர்ஷ்’ என்னும் இந்தித் திரைப்படத்தில், காசியில் தக்குகளின் தலைவனாக உள்ள பாட்டனின் வழியைப் பேரன் ஏற்க மறுக்கிறான். ஒன்றில் கொல்லப்பட்டவரின் மகன் தக்காகிறான். மற்றொன்றில் ஆங்கிலேயன் ஆகிறான். மூன்றாவதில் தக்கின் பேரன் ஆக மறுக்கிறான். காலத்தாலும் நோக்காலும் வேறுபட்ட மூன்று படைப்புகளும் பிறப்புவழிக் குற்றம் என்னும் கருத்தோடு முரண்படுகின்றன. ஒருவன் முழு வாழ்க்கையைக் கதையாகக் கூற முற்படும்போது அவன் எவ்வாறு இவ்வாறானான் என்னும் வினா எழுந்தே தீரும். பட்டியலுக்கு அவ்வினா இல்லை.

ஆயினும் இப்படைப்புகளுக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. கொன்றவனின் குரலே எங்கும் ஒலிக்கிறது. கொல்லப்பட்ட வணிகரும் சிப்பாயும் யாத்திரிகரும் பெரும்பாலும் ஓரிரு பக்கங்களில் வந்து மறைகின்றனர். ‘பனிஜ்’ என்னும் சொல்லின் பார்வை கதைக்குள்ளும் ஓரளவு எஞ்சியுள்ளது எனலாம்.

6. பெயரின் தனிப்பயணம்

கதை இவ்வாறு கூற, பெயர் வேறு திசையில் சென்றது. டெய்லரின் புதினம் வந்த அதே 1839ஆம் ஆண்டின் இறுதியில் தாமஸ் கார்லைல் ‘சார்ட்டிசம்’ என்னும் நூலில் கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் வன்முறையைச் சுட்ட இச்சொல்லை எடுத்தாண்டார். இந்தியக் கொலைஞரின் பெயர் மிக விரைவில் பிரித்தானியத் தொழிலாளருக்கு வசையாயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் யூஜின் சூ 1844–45இல் தொடராக எழுதிய ‘அலையும் யூதன்’ புதினத்தில் ஜாவாத் தீவிலிருந்து வரும் கொலைஞனுக்கு ஃபரிங்கியா என்று பெயர். அது ஸ்லீமனின் புகழ்பெற்ற அப்ரூவர் ஒருவரின் பெயர். ஆளும் இடமும் உதிர்ந்துபோகப் பெயர் மட்டும் அச்சத்தைச் சுமந்து சென்றது.

திரைப்படம் இதனை மேலும் சுருக்கியது. 1939இல் வந்த ‘கங்கா தின்’ படத்திலும், 1984இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்திலும் தக்குகள் காளியின் முன் வெறிகொண்டு நிற்கும் முகமற்ற கூட்டமாகவே உள்ளனர். பின்னதற்கு இந்தியாவில் படப்பிடிப்பு இசைவு கிடைக்காமையால் இலங்கையில் கண்டிப் பகுதியில் அது படமாக்கப்பட்டது. 2018இல் வந்த ‘தக்ஸ் ஆஃப் ஹிந்தோஸ்தான்’ என்னும் இந்திப் படமோ தக்கு என்னும் பெயரைக் கம்பெனியை எதிர்த்துப் போரிடும் கூட்டத்துக்குத் தந்து தலைகீழாக்கியது. இழிவு புகழாயிற்று, ஆயின் வழிப்பயணத்தில் கொல்லப்பட்டோர் இப்படத்திலும் இடம்பெறவில்லை.

7. சட்டமும் ஒரு மொழிபெயர்ப்பும்

‘ராமசீயானா’ வெளிவந்த அதே 1836இல் நிறைவேறிய முப்பதாம் சட்டம், ஒருவர் தக்குக் கூட்டத்தில் எக்காலத்தேனும் சேர்ந்திருந்தார் என்று மெய்ப்பித்தாலே வாழ்நாள் கடுங்காவல் விதிக்க வகைசெய்தது. குறிப்பிட்ட கொலையில் பங்கு மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. செய்ததற்காக அன்றிச் சேர்ந்திருந்ததற்காகத் தண்டனை என்னும் இவ்விதியை ராதிகா சிங்கா 1993இல் எழுதிய கட்டுரையில் ஒரு சட்டப் புதுமையாக ஆராய்கிறார். 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்று, முழுச் சமூகத்தையே குற்றத்துக்குப் பழகியதாக அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. இப்போது சேர்ந்திருக்கவும் வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும்.

சென்னை மாகாணத்தில் 1911க்குப்பின் இச்சட்டம் செயற்படலாயிற்று. மக்கள் இதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றனர். ஆட்சியின் நோக்கத்தை விடுத்துத் தம் உடல்மீது நிகழ்த்தப்பட்டதைப் பெயராக்கிய வழக்கு இது. இரவில் காவல் நிலையத்தில் படுத்தெழ வேண்டிய நிலை பலருக்கு வந்தது. மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பதிவை எதிர்த்த மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர். இம்மாகாணத்தில் 1947இலும் நாடு முழுதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது.

எழுத்து வழக்கில் நிலைத்த ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ என்னும் மொழிபெயர்ப்பு சிந்தனைக்குரியது. ஆங்கிலத் தலைப்பில் இருந்தது ‘பழங்குடி’ என்னும் பொருளுடைய சொல். தமிழாக்கம் அதனைப் ‘பரம்பரை’ ஆக்கி, சட்டத்தின் உள்ளே மறைந்திருந்த கருத்தைப் பெயரிலேயே வெளிப்படுத்தியது. மொழிபெயர்ப்பு என்ற வகையில் அது பிழை. சட்டத்தின் உட்கிடையைக் காட்டுவதில் அது பிழையன்று. சட்டம் நீங்கியபின் வந்த ‘சீர்மரபினர்’ என்னும் சொல்லில் குற்றம் சீராயிற்று. மரபு மட்டும் நின்றது. 2017இல் வெளிவந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ திரைப்படம் வடநாட்டுக் கொள்ளைக் கூட்டம் ஒன்றைச் சமூகப் பின்னணியோடு காட்டியபோது, ‘குற்றப் பரம்பரை’ என்னும் சொல்லுக்குச் சீர்மரபினரிடையே எதிர்ப்பு எழுந்தது. அகராதியில் தொடங்கிய வழுவின் விலையைச் செலுத்துவோர் இன்றும் உள்ளனர்.

8. மாற்றுக் குரல்கள்

‘சாகிப்’ இல்லாத வாக்குமூலம் எவ்வாறிருக்கும் என்பதற்கு லட்சுமண் கெய்க்வாடின் ‘உச்சல்யா’ சான்றாகும். மராத்தியில் 1987இல் வெளிவந்து 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இத்தன்வரலாறு, எடுத்துச் செல்பவன், அதாவது திருடன், என்னும் பழிப்பெயரையே தலைப்பாகக் கொண்டது. அமீர் அலியைப் போல இவரும் ‘நான்’ என்றே பேசுகிறார். ஆயின் உயிர்ப்பிச்சைக்காகப் பேசவில்லை. வேறு தொழில் மறுக்கப்பட்டமை, காவலரின் அடி, பசி ஆகியன குற்றத்தின் காரணங்களாக அங்கு வெளிப்படுகின்றன. தமிழில் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) களவையும் காவலையும் ஒரே வாழ்முறையின் இரு பக்கங்களாகக் காட்டி, அவ்வாழ்முறையை ஆங்கில ஆட்சி குற்றமாக மாற்றிய வரலாற்றை விரிக்கிறது. வேல ராமமூர்த்தி தம் புதினத்துக்குக் ‘குற்றப் பரம்பரை’ என்றே பெயரிட்டார். பழிச்சொல்லைப் பழிக்கப்பட்டோர் பக்கமிருந்தே எடுத்தாளும் இப்போக்கு, சொல்லின் உரிமையை மீட்கும் முயற்சி எனலாம்.

இதே போக்கு கடல் கடந்தும் காணப்படுகிறது. அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்மீது வசையாக வீசப்பட்ட ‘தக்’ என்பதைப் பாடகர் டுபாக் ஷகூர் 1990களில் தம் குழுவின் பெயராகவே ஏற்றார். அங்கிருந்து இணையம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த ‘தக் லைஃப்’ என்னும் தொடர் இளைஞர் பேச்சில் துடுக்கான மறுமொழியைக் குறிக்கிறது. 2025இல் அது ஒரு தமிழ்த் திரைப்படத்தின் தலைப்பும் ஆயிற்று. நடு இந்திய வழிகளில் தோன்றிய சொல் இருநூறு ஆண்டுகளில் உலகைச் சுற்றித் திரும்பியுள்ளது. அதைச் சொல்லி நகைக்கும் இளைஞருக்கு அது தம் நாட்டுச் சொல் என்பதே பெரும்பாலும் தெரியாது.

9. முடிவுரை

பெருங்குற்றம் சமூகக் கற்பனையில் நிலைபெறுவது அதன் கொடுமையால் மட்டும் அன்று. அது பதிவான வடிவத்தாலும் ஆகும். தக்குகளின் குற்றம் சொற்பட்டியலாகவும் அப்ரூவர் கூற்றாகவும் பதிவாயிற்று. அவ்வடிவம் மூடிய உலகத்தையும் மாறாத குலத்தையும் படைக்க ஏற்றதாக இருந்தது. அப்பதிவிலிருந்து எழுந்த நல்ல கதைகள் அக்குலத்தை உள்ளிருந்து உடைத்தன. ஆயினும் நினைவில் நின்றது பட்டியலே.

எனவே இத்தகைய படைப்புகளைத் திறனாய்வோர் தெய்வம், சடங்கு, மறைமொழி என்னும் புறக்கோலங்களோடு நின்றுவிடாமல், ஒருவன் குற்றத்துள் எவ்வாறு நுழைகிறான் என்று கதை கூறும் இடத்தை முதன்மையாக நோக்க வேண்டும். மொழியியலார்க்கும் இதில் கடமை உண்டு. ஒரு குழுவின் வழக்கைத் தொகுத்து அதற்கு மொழி என்றோ குறி என்றோ பெயரிடுவது நூலகத்தோடு முடியும் செயலன்று. கைரேகை வைக்கக் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு அப்பெயரீடு வாழ்க்கையாக அமைந்தது. நன்னூலார் குழூஉக்குறியை வழக்கின் ஒரு வகையாகவே கொண்டார். அதைப் பேசுவோரைத் தனிக்குலமாக வகுக்கவில்லை. அவ்வளவில் நின்றிருந்தால் தவிர்ந்திருக்கக்கூடிய துன்பம் சிறிதன்று.